பசையான இலாகாவும் பயனுள்ள இலாகாவும்

2004 மே 22 அன்று மன்மோகன் சிங் அமைச்சரவை பதவியேற்றது. தி.மு.க.வைச் சேர்ந்த ஏழு பேர் அதில் இடம்பெற்றார்கள். மூவர் கேபினட் அமைச்சர்கள், நால்வர் இணை அமைச்சர்கள். உறுதிமொழி எடுத்தவர்கள் அலுவலகத்துக்குப் போகவில்லை. பேசி முடித்த இலாகாக்கள் பட்டியலில் வரவில்லை என்று சென்னையிலிருந்து கருணாநிதி வெளிப்படையாகவே வருத்தப்பட்டார். சில நாள் இழுபறிக்குப் பிறகு டி.ஆர். பாலுவின் சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைத் துறையோடு கப்பல் துறையும் சேர்ந்தது. அதன் பிறகே விவகாரம் அடங்கியது.

அந்தக் கப்பல் துறை முதலில் போன இடம் கே. சந்திரசேகர ராவ். தெலங்கானா ராஷ்டிர சமிதிக்கு அப்போது ஐந்து எம்.பி.க்கள். கூட்டாளிக் கட்சி கேட்கிறது என்றதும் அவர் துறையை விட்டுக்கொடுத்தார். சில மாதங்கள் இலாகா இல்லாத அமைச்சராகவே இருந்தார், பிறகு தொழிலாளர் நலத் துறை வந்தது. தாம் டெல்லிக்கு வந்தது தனி மாநிலத்துக்காக, துறைக்காக அல்ல என்பதே அவருடைய நிலை.

தி.மு.க.வுக்குக் கப்பல் துறை ஏன்? சேது சமுத்திரத் திட்டம் அந்தத் துறையின் கையில் இருந்தது. கணக்கு சரியானதுதான். 2005 ஜூலை 2 அன்று மதுரையில் பிரதமரே வந்து 2,427 கோடி ரூபாய்த் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 2007-இல் உச்ச நீதிமன்றம் ராமர் பாலம் இருப்பதாகச் சொல்லப்படும் பகுதியில் கை வைக்கக் கூடாது என்றது. கால்வாய் இன்றுவரை இல்லை. சந்திரசேகர ராவ் 2006-இல் அமைச்சரவையை விட்டு வெளியேறினார். தெலங்கானா 2014-இல் பிறந்தபோது அவருடைய கட்சி அமைச்சரவையில் இல்லை.

ஒரே துறையை ஒருவர் போராடிப் பெற்றார், ஒருவர் கையசைத்து விட்டார். இருவரும் கேட்டது துறை வழியாகக் கிடைக்கவில்லை. கூட்டணியில் சிறிய பங்காளியாக இருக்கும் கட்சி எந்த இலாகாவைக் கேட்க வேண்டும் என்ற கேள்வியை அந்த மே மாதத்திலிருந்தே தொடங்கலாம்.

எத்தனை அமைச்சர் என்பதில் பெரிய மர்மம் கிடையாது. வில்லியம் கேம்சன் என்ற அமெரிக்கச் சமூகவியலர் 1961-இல் சொன்ன விதி ஒன்று இருக்கிறது. கூட்டணிக்குள் கொண்டுவரும் பலம் எவ்வளவோ அந்த விகிதத்தில்தான் பங்கும் கிடைக்கும் என்பது அது. ஐரோப்பிய அமைச்சரவைகளை எண்ணிப் பார்த்த ஆய்வாளர்கள், கணக்கு ஏறக்குறைய சரி, சின்னக் கட்சிக்குச் சற்றுக் கூடுதலாகவே கிடைக்கிறது என்றார்கள். இந்தியாவில் அதற்கு ஆதாரம் தேடி அலைய வேண்டாம். 2024-இல் ஒரே ஒரு எம்.பி. உள்ள கட்சியின் ஜிதன் ராம் மாஞ்சி கேபினட் அமைச்சர், இரண்டு எம்.பி.க்கள் உள்ள கட்சியின் குமாரசாமி கேபினட் அமைச்சர். எண்ணிக்கை தானாக ஒரு நிலைக்கு வந்துவிடும். ஆனாலும் பேரத்தின் பெரும்பகுதி நேரம் எண்ணிக்கையிலேயே போகிறது. மிச்ச நேரத்தில் துறை பேசப்படுகிறது, அதுவும் பெரும்பாலும் எது பசையான துறை என்ற அளவில்.

ஒரு காலத்தில் அப்படிப்பட்ட துறை ரயில்வே. 1998 முதல் 2012 வரை பெரும்பாலும் அது கூட்டணிக் கட்சிகளிடமே இருந்தது: நிதீஷ் குமார், மம்தா பானர்ஜி, மறுபடி நிதீஷ், லாலு பிரசாத், மறுபடி மம்தா, பிறகு அவருடைய ஆட்கள். 2004-இல் லாலுவும் ராம் விலாஸ் பாஸ்வானும் அதற்காக மோதினார்கள். காரணம் வெளிப்படை. ரயில்வேக்குத் தனி பட்ஜெட் இருந்தது. ஆண்டுக்கு ஒரு நாள் நாடு முழுக்க அந்த ஓர் அமைச்சரின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும். எந்த ஊரில் வண்டி நிற்க வேண்டும், எந்த ஊரில் தொழிற்சாலை, எங்கே புது மண்டலம் என்பதை அவர் அறிவிக்கலாம். நிதீஷ் காலத்தில், 2002 அக்டோபரில், கிழக்கு மத்திய ரயில்வே என்ற புது மண்டலம் பீகாரின் ஹாஜிபூரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கத் தொடங்கியது. மண்டலம் பிரிக்கப்பட்டதை மம்தா எதிர்த்துச் சண்டையிட்டார். 2017-இல் ரயில்வே பட்ஜெட் பொது பட்ஜெட்டோடு இணைந்தது. 2014-க்குப் பிறகு அந்தத் துறையைப் பா.ஜ.க. யாருக்கும் கொடுக்கவில்லை.

ஆனால் அதே ரயில்வேதான் ஒரு சின்னக் கட்சி எப்படி மாட்டிக்கொள்ளும் என்பதையும் காட்டியது. 2012 மார்ச் 14 அன்று திரிணாமுல் காங்கிரஸின் தினேஷ் திரிவேதி பட்ஜெட்டில் கட்டணத்தை கிலோமீட்டருக்கு 2 பைசா முதல் 30 பைசா வரை உயர்த்தினார். பல ஆண்டுகள் கட்டணம் ஏறாததால் ரயில்வேயின் கையிருப்பு வற்றியிருந்தது. அமைச்சராக அவர் செய்தது நியாயம். ஏழைகளின் கட்சி என்று சொல்லிக்கொண்ட திரிணாமுலுக்கு அது துரோகம். சில நாட்களில் அவர் ராஜினாமா செய்தார், முகுல் ராய் வந்து சாதாரண வகுப்புகளின் உயர்வைத் திரும்பப் பெற்றார். தன் அமைச்சரைத் தானே கவிழ்க்கும் நிலை எந்தக் கட்சிக்கும் வரக்கூடாது. விலை ஏற்ற வேண்டிய துறையை, விலை ஏறக் கூடாது என்று மேடையில் பேசும் கட்சி கேட்டு வாங்கினால் அது வரும்.

இதைவிடக் கொடுமையான பாடம் லண்டனில் நடந்தது. 2010 தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 306 இடம், லிபரல் டெமாக்ரட்டுகளுக்கு 57. இரண்டும் சேர்ந்து ஆட்சி அமைத்தன. சின்னக் கட்சிக்குக் கேபினட்டில் ஐந்து இடம். அதன் தலைவர் நிக் கிளெக் துணைப் பிரதமரானார், ஆனால் தனக்கென்று ஓர் அமைச்சகத்தை எடுத்துக்கொள்ளவில்லை. அரசியலமைப்புச் சீர்திருத்தத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டார். அவருடைய கட்சி வேட்பாளர்கள் தேர்தலுக்கு முன் மாணவர் சங்கத்தின் உறுதிமொழியில் கையெழுத்திட்டுப் படமும் எடுத்துக்கொண்டிருந்தார்கள்: பல்கலைக்கழகக் கட்டண உயர்வுக்கு எதிராக வாக்களிப்போம் என்று. பேரம் முடிந்தபோது, பல்கலைக்கழகங்களை வைத்திருந்த வணிகத் துறை அந்தக் கட்சியின் வின்ஸ் கேபிளிடமே வந்து சேர்ந்தது. இங்கிலாந்தில் கட்டண உச்சவரம்பு ஏறத்தாழ 3,300 பவுண்டிலிருந்து 9,000 பவுண்டுக்கு உயர்ந்தபோது அந்த முடிவை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். 2010 டிசம்பர் 9 வாக்கெடுப்பில் கட்சி இரண்டாக உடைந்தது. 2012-இல் கிளெக் பொது மன்னிப்புக் கேட்டார்.

கிளெக் கையில் வைத்திருந்த சீர்திருத்தம் என்ன ஆனது? வாக்களிப்பு முறையை மாற்றும் பொதுவாக்கெடுப்பு 2011 மே மாதம் நடந்தது. மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் வேண்டாம் என்று விழுந்தது. பிரபுக்கள் சபைச் சீர்திருத்தம் 2012-இல் கைவிடப்பட்டது. இரண்டுக்குமே பெரிய கட்சியின் எம்.பி.க்கள் மனம் வைக்க வேண்டியிருந்தது, அவர்கள் வைக்கவில்லை. 2015 தேர்தலில் கட்சிக்குக் கிடைத்த இடம் எட்டு. தோல்விக்குக் காரணங்கள் பல உண்டு. ஆனால் தான் கொடுத்த வாக்கை மீறும் துறையைத் தானே வைத்துக்கொண்டதும், பெரியவரின் தயவில்லாமல் நகராத வேலையைத் தலைவரிடம் கொடுத்ததும் எதிராளி செய்த சதி அல்ல. கட்சியே மேசையில் உட்கார்ந்து ஒப்புக்கொண்டது.

அப்படியானால் நிதித் துறையைப் பிடித்துக்கொள்வதுதான் வழியா? எல்லாத் துறைக்கும் சாவி அங்கேதானே இருக்கிறது? ஜெர்மனியின் சுதந்திர ஜனநாயகக் கட்சி இரண்டு விதமாகவும் பரிசோதித்துவிட்டது. 2009-இல் வரிக் குறைப்பு என்ற ஒரே முழக்கத்தில் 14.6 விழுக்காடு வாக்கு வாங்கியது, அதன் வரலாற்றிலேயே அதிகம். கேட்டு வாங்கிய துறைகள் வெளியுறவு, பொருளாதாரம், நலவாழ்வு, நீதி, வளர்ச்சி உதவி. வரியை முடிவு செய்யும் நிதித் துறையைச் சான்ஸ்லர் மெர்க்கல் தன் கட்சியின் ஷோய்ப்ளேயிடம் கொடுத்தார். விடுதி அறைகளுக்கான வரி குறைந்தது, வாக்காளர் எதிர்பார்த்த பெரிய வருமான வரிக் குறைப்பு வரவேயில்லை. வேடிக்கை என்னவென்றால், வளர்ச்சி உதவி அமைச்சகமே வேண்டாம், வெளியுறவோடு சேர்த்துவிடலாம் என்று தேர்தலில் சொன்ன கட்சி அது. 2013-இல் 4.8 விழுக்காடு, 1949-க்குப் பிறகு முதல்முறையாக நாடாளுமன்றத்துக்கு வெளியே.

2021-இல் பாடம் படித்தவர்களாக நிதித் துறையைப் பிடித்தார்கள். கிறிஸ்டியன் லிண்ட்னர் அமைச்சர். அந்த நாற்காலியின் வேலை இல்லை என்று சொல்வது. கூட்டாளிகள் கேட்ட ஒவ்வொன்றுக்கும் அவர் இல்லை என்றார். 2023 நவம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் 60 பில்லியன் யூரோ ஒதுக்கீட்டை ரத்து செய்தபோது சொல்வதற்கு வேறு பதிலும் இல்லாமல் போனது. 2024 நவம்பர் 6 அன்று சான்ஸ்லர் ஷோல்ட்ஸ் அவரைப் பதவி நீக்கினார். மூன்று மாதம் கழித்து நடந்த தேர்தலில் கட்சிக்கு 4.3 விழுக்காடு, மறுபடியும் வெளியே.

தமிழ்நாட்டிலும் இதன் சாயல் உண்டு. 1996-இல் 20 எம்.பி.க்களோடு தமிழ் மாநில காங்கிரஸ் டெல்லிக்குப் போனது, ப. சிதம்பரம் நிதியமைச்சரானார். 1997 பிப்ரவரியில் வருமான வரியின் உச்ச விகிதத்தை 40-லிருந்து 30 விழுக்காடாகக் குறைத்த அவருடைய பட்ஜெட்டைக் கனவு பட்ஜெட் என்று இன்றும் சொல்கிறார்கள். புகழ் அவருக்கு வந்தது. கட்சி 1998-இல் மூன்று இடங்களுக்கு இறங்கியது. நிதித் துறையில் செய்த நல்லது நாட்டின் கணக்கில் சேரும், சின்னக் கட்சியின் கணக்கில் சேராது.

பிறகு எதைக் கேட்பது? 2004-இல் ஆறு எம்.பி.க்கள் மட்டுமே இருந்த பா.ம.க.வின் அன்புமணி ராமதாஸுக்கு நலவாழ்வுத் துறை கிடைத்தது. பத்திரிகைகள் அதைப் பசையான துறைகளின் வரிசையில் வைக்கவில்லை. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைப்பது தடை செய்யப்பட்டது, மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். அடுத்த ஆண்டு புகையிலைப் பொட்டலங்களில் எச்சரிக்கைப் படமும் வந்தது. இதற்கு அவர் புதுச் சட்டம் கொண்டுவர வேண்டியிருக்கவில்லை. வாஜ்பாய் காலத்தில், 2003-இல், நிறைவேறிய சட்டம் ஏற்கெனவே இருந்தது. விதிகளை அறிவிப்பது அவர் துறையின் அதிகாரம். நிதியமைச்சரிடம் கோடிகள் கேட்டு நிற்க வேண்டியதில்லை. புகையிலைத் தொழிலின் எதிர்ப்பைத் தாங்கும் பிடிவாதம் வேண்டியிருந்தது, அது அவரிடம் இருந்தது. மது, புகை எதிர்ப்பு அவருடைய கட்சி ஆண்டுக்கணக்காகப் பேசிவந்த விஷயமும்கூட.

அயர்லாந்திலும் இதே அச்சில் ஒரு கதை. 1989-இல் ஆட்சியில் சேர்ந்த முற்போக்கு ஜனநாயகக் கட்சியின் மேரி ஹார்னி கேபினட் அமைச்சர்கூட அல்ல, சுற்றுச்சூழலுக்கான இணை அமைச்சர். டப்ளின் நகரம் குளிர்காலம்தோறும் நிலக்கரிப் புகையில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. புகை கக்கும் நிலக்கரியை நகரத்தில் விற்கக் கூடாது என்று அவர் ஆணை போட்டார். 1990 செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. அடுத்த குளிர்காலத்திலேயே காற்று தெளிந்தது. அந்தக் கட்சி 2009-இல் கலைந்துபோனது. ஆணை நிற்கிறது, மற்ற நகரங்களுக்கும் பரவியது.

இந்த இரண்டிலும் பொதுவாக இருப்பதைக் கவனித்தால் கேட்க வேண்டிய கேள்வி கிடைக்கும். அமைச்சரின் கையெழுத்தோடு முடிகிற வேலை அந்தத் துறையில் எவ்வளவு? கையெழுத்துக்குப் பிறகு நிதி அமைச்சகம், பிரதமர் அலுவலகம், நீதிமன்றம் என்று எத்தனை வாசல் தாண்ட வேண்டும்? சேதுக் கால்வாய்க்கு வாசல் பல. புகைத் தடைக்கு ஒன்று.

அதனால்தான் இணை அமைச்சர் பதவியைக் கேவலமாகப் பார்ப்பது தவறு. இந்தியாவில் இணை அமைச்சர் கேபினட் கூட்டத்தில் உட்கார மாட்டார், கேபினட் அமைச்சர் பிரித்துக்கொடுக்கும் கோப்புதான் அவருக்கு. பலருக்கு அதுவும் வருவதில்லை. ஆனாலும் 2004-இல் லாலுவின் கீழ் ரயில்வே இணை அமைச்சராக இருந்த பா.ம.க.வின் ஆர். வேலு காலத்தில்தான், கேரளத்தின் கடும் எதிர்ப்பையும் மீறி, 2007 நவம்பர் 1 அன்று சேலம் கோட்டம் உருவானது. தமிழ்நாட்டுக் கட்சிகள் பலவும் அதற்காக அழுத்தம் கொடுத்தன, பெருமை ஒருவருடையது அல்ல. எனினும் ரயில் பவனுக்குள் அந்தக் கோப்பைத் துரத்த ஓர் ஆள் இருந்தார். பிரிட்டனில் லிபரல் டெமாக்ரட் ஸ்டீவ் வெப் ஐந்து ஆண்டும் ஓய்வூதியத் துணை அமைச்சராகவே இருந்தார். அந்த விஷயத்தைக் கரைத்துக் குடித்தவர். பதவி உயர்வு தேடி நகரவில்லை. விலைவாசி உயர்வு, சம்பள உயர்வு, இரண்டரை விழுக்காடு ஆகிய மூன்றில் எது அதிகமோ அந்த அளவுக்கு அரசு ஓய்வூதியம் உயரும் என்ற ஏற்பாடு அவர் காலத்தில் வந்தது. 2022-இல் ஓர் ஆண்டுக்கு மட்டும் சம்பள அளவை நிறுத்திவைத்ததைத் தவிர, பின்னால் வந்த எந்த அரசும் அதைக் கைவிடத் துணியவில்லை.

பசையான துறைக்கு இன்னொரு முகமும் இருக்கிறது, தமிழ்நாட்டுக்கு அதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. 2004-இலும் 2009-இலும் தி.மு.க. தொலைத்தொடர்பைப் பிடித்தது. தயாநிதி மாறன் காலத்தில், 2006 மார்ச்சில், நாட்டின் எந்த மூலைக்கும் நிமிடம் ஒரு ரூபாய்க்குப் பேசலாம் என்ற திட்டம் வந்தது. கட்சிக்குப் பெயர் கிடைத்தது. 2008 ஜனவரியில் ஆ. ராசா காலத்தில் வழங்கப்பட்ட உரிமங்கள் எல்லாவற்றையும் திருப்பிப்போட்டன. தணிக்கை அறிக்கை 1.76 லட்சம் கோடி இழப்பு என்று ஓர் ஊகக் கணக்குச் சொன்னது. 2010 நவம்பரில் ராஜினாமா, 2011 பிப்ரவரியில் கைது, ஏப்ரல் மாதச் சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க.வுக்கு 23 இடம். 2012-இல் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்தது; அதை எதிர்த்த சி.பி.ஐ. மேல்முறையீட்டை 2024-இல் டெல்லி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது. வழக்கின் முடிவு எதுவானாலும் அரசியல் விலை 2011-இலேயே கொடுக்கப்பட்டுவிட்டது. அரசு பங்கிட்டுக் கொடுக்கிற அரிய பொருள் எதுவோ, அலைக்கற்றை, சுரங்கம், நிலம், அதைக் கையாளும் துறையில் புயல் வந்தால் சின்னக் கட்சி தனியாகத்தான் நனையும். கூட்டணித் தலைமை ஒதுங்கி நிற்க இடம் தேடும்.

இத்தனையும் துறையைப் பற்றி. சில சமயம் துறையே பொருட்டல்ல. இலங்கையில் சௌமியமூர்த்தி தொண்டமான் 1977 தேர்தலில் தன் தொழிலாளர் காங்கிரஸின் ஒரே உறுப்பினராக நாடாளுமன்றம் போனார். 1978-இல் ஜெயவர்த்தன அமைச்சரவையில் அவருக்குக் கொடுத்தது கிராமியக் கைத்தொழில் அபிவிருத்தி. மலையக மக்களின் பெரிய பிரச்சினையான குடியுரிமைக்கும் அந்த அமைச்சுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அமைச்சரவை மேசையில் அவருக்கு இடமிருந்தது, வெளியே தோட்டங்களை நிறுத்திக் காட்டக்கூடிய தொழிற்சங்கம் இருந்தது. 1986-இலும் 1988-இலும் வந்த சட்டங்கள் நாடற்றவர் என்ற நிலையைப் பெருமளவு முடித்தன. 1983 வன்முறைக்குப் பிறகும் அவர் அரசில் நீடித்ததைக் கடுமையாகக் குறை சொல்பவர்கள் உண்டு, அதில் நியாயமும் உண்டு. குடியுரிமை வந்ததும் உண்மை.

சந்திரபாபு நாயுடுவின் வழி அதையும் தாண்டியது. 1999-இல் 29 எம்.பி.க்கள் இருந்தும் தெலுங்கு தேசம் வாஜ்பாய் அமைச்சரவையில் சேரவில்லை. மக்களவைத் தலைவர் பதவி மட்டும் அந்தக் கட்சியின் பாலயோகியிடம் இருந்தது. ஆளுங்கட்சிக்குப் பெரும்பான்மை இல்லாத சபையில் அந்த நாற்காலியின் மதிப்பு பல இலாகாக்களுக்குச் சமம். 2024-இல் 16 எம்.பி.க்கள். ஒரு கேபினட் அமைச்சர், விமானப் போக்குவரத்து. ஓர் இணை அமைச்சர். பேரம் பேசத் தெரியாதவர் என்று அவரைச் சிலர் கேலி செய்தார்கள். ஜூலை 23 அன்று நிர்மலா சீதாராமன் தாக்கல் செய்த பட்ஜெட்டில் அமராவதிக்கு 15,000 கோடி ரூபாய் ஏற்பாடு இருந்தது. எந்த இலாகாவைக் கேட்டிருந்தாலும் அதிலிருந்து அந்தத் தொகையை ஒரு தலைநகருக்குத் திருப்பியிருக்க முடியாது.

பேரம் மூடிய அறைக்குள்தான் நடக்க வேண்டும் என்பதும் இல்லை. வட அயர்லாந்தில் 1998 ஒப்பந்தப்படி, பெரும்பாலான துறைகளைக் கட்சிகள் பலத்தின் வரிசையில் முறை வைத்துச் சபையிலேயே எழுந்து கேட்டு எடுத்துக்கொள்கின்றன. 1999 நவம்பர் 29 அன்று நான்காவது பெரிய கட்சியான சின் ஃபெய்ன் தன் முதல் முறையில் கல்வியைக் கேட்டது. பதினொரு வயதில் பிள்ளைகளைத் தரம் பிரிக்கும் தேர்வை ஒழிப்போம் என்று 2002-இல் அதன் அமைச்சர் மார்ட்டின் மெக்கின்னஸ் அறிவித்தார்; அரசுத் தேர்வு கடைசியாக 2008-இல் நடந்தது. மாற்று முறைக்குச் சபையில் உடன்பாடு வரவில்லை, அதனால் தனியார் அமைப்புகள் நடத்தும் தேர்வுகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. வெற்றி அரைகுறைதான். ஆனால் எந்தக் கட்சி எதை முதலில் எடுத்தது, எதை வேண்டாமென்று விட்டது என்பதை வாக்காளர் கண்ணால் பார்த்தார்கள்.

இங்கே அந்த முறை வரப்போவதில்லை. அதற்கு ஈடாக ஒன்று செய்யலாம். நாடாளுமன்றத் தேர்தலில் நிற்கும் ஒவ்வொரு மாநிலக் கட்சியும், ஆட்சியில் பங்கு கிடைத்தால் எந்தத் துறையைக் கேட்போம், அதில் முதல் நூறு நாளில் எந்த ஆணையில் கையெழுத்திடுவோம் என்பதைத் தேர்தல் அறிக்கையில் ஒரு பக்கம் அச்சிடட்டும். அடுத்த முறை வாக்குக் கேட்டு வரும் வேட்பாளரிடம் அந்தப் பக்கம் எங்கே என்று வாக்காளர்கள் கேட்க வேண்டும்.